ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் நம் கதைகள்

புது வகுப்புத் தொடங்கியதும் நம் வீடுகளில் பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறோம். கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறோம். விஞ்ஞானத்துக்கு எந்த டியூஷன் நல்லது என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். ஆங்கிலப் பாட நூலை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. "இங்கிலீஷ்தானே, அவளே படித்துக் கொள்வாள்" என்று விட்டுவிடுகிறோம்.

நான் டிப்ளமா படித்து ரயில்வேயில் பாலமும் பாதையும் பார்த்து ஓய்வு பெற்றவன், இலக்கியம் படித்தவனல்ல. ஆனாலும் பேரப்பிள்ளைகளின் ஆங்கிலப் புத்தகங்களை விடாமல் படித்து வருகிறேன். ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்கள் ஒரு தமிழ் எழுத்தாளரை முதன்முதலாகச் சந்திக்கும் இடமே இந்த ஆங்கிலப் புத்தகம்தான்.

புத்தகத்தில் யார் யார்?

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஆங்கில நூல்களை சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்துள்ளன. பத்தாம் வகுப்பு நூலில் வல்லிக்கண்ணனின் கதை ஒன்று உண்டு. வள்ளியம்மை என்ற எட்டு வயதுச் சிறுமி, காசு காசாக அறுபது பைசா சேர்த்து, போக முப்பது வர முப்பது என்று கணக்குப் போட்டு, வீட்டுக்குத் தெரியாமல் தனியாகப் பஸ்ஸில் டவுனுக்குப் போய் வருகிறாள். போகும்போது துள்ளி ஓடிய பசு, திரும்பி வரும்போது சாலையோரம் செத்துக் கிடக்கிறது. அந்தக் குழந்தைக்கு உலகம் புரிந்துவிடுகிறது. அதே புத்தகத்தில் ஆன் பிராங்கின் டைரியும் நெல்சன் மண்டேலாவின் சுயசரிதைப் பகுதியும் செகாவின் நாடகமும் இருக்கின்றன. இத்தனை பேர் நடுவே நம் வள்ளி சற்றும் குன்றாமல் நிற்கிறாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் மூன்று தமிழர்கள். நூறு புலிகளைக் கொன்றே தீருவேன் என்று கிளம்பிய மகாராஜா, கடைசியில் மரத்தால் செய்த பொம்மைப் புலியின் சிலாம்பு குத்திச் சாகும் கல்கியின் கதை ஒன்று. ஜெமினி ஸ்டுடியோவைப் பற்றிய அசோகமித்திரனின் நினைவுகள் மற்றொன்று. அந்த ஸ்டுடியோவின் மேக்கப் அறையில் மகாராஷ்டிரர், கன்னடர், ஆந்திரர், தமிழர் எல்லோரும் ஒன்றாக வேலை பார்த்ததை அவர் வேடிக்கையாகச் சொல்கிறார். மும்பையில் குடியிருக்கும் நமக்கு அது நம் கட்டிடத்தின் கதை மாதிரியே இருக்கும்.

பாமாவின் பாடம்

மூன்றாமவர் பாமா. 1992-இல் வெளிவந்த 'கருக்கு' நூலிலிருந்து ஒரு பகுதி. பள்ளிவிட்டு வரும் சிறுமி, தெருவில் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். வீட்டுக்கு ஓடிச் சொன்னதும், அண்ணன் விளக்குகிறான்: அவர் தொட்டால் தீட்டு என்று நிலக்காரர் நினைப்பதால்தான் அப்படி. சிரிப்பு போய்விடுகிறது. கோபம் வருகிறது. நன்றாகப் படி, படித்தால் மதிப்பார்கள் என்று அண்ணன் சொல்ல, அவள் வகுப்பில் முதலாவதாக வருகிறாள்.

இதே பாடத்தின் முதல் பாதி, சிட்கலா-ஷா என்ற அமெரிக்கப் பழங்குடிப் பெண் எழுதியது. விடுதிப் பள்ளியில் அவள் கதறக் கதற நீண்ட கூந்தலை வெட்டுகிறார்கள். அவர்கள் வழக்கத்தில் கோழைகளுக்கும் துக்கம் காப்பவர்களுக்கும்தான் குட்டை முடி. எங்கோ அமெரிக்காவில் ஒரு சிறுமி, இங்கே தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒரு சிறுமி. இருவருக்கும் நேர்ந்தது ஒரே அவமானம். இப்படி அடுத்தடுத்து வைத்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

"பிள்ளைகள் மனதில் இதையெல்லாம் ஏன் விதைக்க வேண்டும்?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நான் சொல்வது இதுதான்: மாதுங்காவில் வளர்கிற பிள்ளையும் தாராவியில் வளர்கிற பிள்ளையும் தமிழர்தான். ஆனால் ஊரில் அவரவர் தாத்தாக்கள் ஒரே தெருவில் நடந்தவர்களா? ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்களா? இந்தக் கேள்வியை வீட்டில் நாம் பேசுவதில்லை. பாடப் புத்தகமாவது பேசட்டும். பாமாவின் பாடத்தைப் படிக்கும்போது ஒரு பிள்ளை தலை நிமிரும், இன்னொரு பிள்ளை யோசிக்கும். இரண்டும் நல்லதுதான்.

ஷேக்ஸ்பியர் வேண்டாமா?

வேண்டும். ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளில் 'வெனிஸ் வணிகன்', 'ஜூலியஸ் சீசர்' போன்ற நாடகங்களைப் பிள்ளைகள் முழுமையாகப் படித்து வந்திருக்கிறார்கள். மொழி கடினம் என்று தள்ளிவிடக் கூடாது. கடன் பத்திரமும் வட்டியும் வழக்கும் உள்ள கதை நம் ஊர்க்காரர்களுக்குப் புரியாததா? முதலில் கதையை வீட்டில் தமிழில் சொல்லுங்கள், பிறகு பிள்ளை தானே படிக்கும்.

ஆனால் ஒன்றை மட்டும் தனியாகப் படித்தால் போதாது. ஷைலாக்கை எல்லோரும் ஏளனம் செய்வது அவன் யூதன் என்பதால். அதைப் படித்த பிள்ளை, யூதச் சிறுமியான ஆன் பிராங்கின் டைரியையும் படித்தால், அந்த ஏளனம் வளர்ந்து எங்கே போய் முடிந்தது என்பது விளங்கும். ஒரே தண்டவாளத்தில் வண்டி ஓடாது. இரண்டு வேண்டும், இரண்டுக்கும் இடையே சரியான அளவும் வேண்டும். பழைய பேரிலக்கியமும் பல நாட்டு, பல சமூகத்து எழுத்தும் அப்படித்தான்.

தேர்வு செய்பவர்கள், நீக்குபவர்கள்

ஒரு பாடத்தைச் சேர்க்கக் குழு கூடி மாதக்கணக்கில் பேச வேண்டும். நீக்க ஒரு நாள் போதும். 2010-இல் மும்பைப் பல்கலைக்கழகம் ரோஹின்டன் மிஸ்திரியின் 'சச் எ லாங் ஜர்னி' நாவலை, அரசியல் கட்சி ஒன்றின் மாணவர் பிரிவு எதிர்த்ததும், பாடத்திலிருந்து எடுத்தது. நம் நகரத்துப் பார்சிக் குடும்பத்தின் கதை அது. 2021-இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில ஆனர்ஸ் பாடத்திலிருந்து மகாசுவேதா தேவியின் கதையோடு பாமாவின் 'சங்கதி'யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் நீக்கியது. பள்ளி நூல்களிலும் 2022-இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று, குடிசைப் பகுதிப் பள்ளி வகுப்பறையைப் பற்றிய ஸ்டீபன் ஸ்பெண்டரின் கவிதை பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து போயிற்று. தாராவிப் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையை அடையாளம் கண்டிருக்கக்கூடிய கவிதை அது.

2020-ஆம் ஆண்டின் புதிய கல்விக் கொள்கையை ஒட்டி என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் வகுப்பு வகுப்பாக மாறி வருகின்றன. அந்த மாற்றத்தில் வள்ளியும் பாமாவும் தங்குவார்களா என்று கவனிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பிள்ளையின் ஆங்கில நூலில் உள்ளடக்கத்தைப் பாருங்கள். தமிழ் எழுத்தாளர் பெயர் இருந்தால், மூலத்தைத் தேடி வாங்கி வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை; குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆங்கிலத்தில் கதை தெரிந்த பிள்ளை தமிழில் கேட்கும்போது தானாகவே எழுத்துக் கூட்ட ஆசைப்படும்.

இரண்டாவது, பொதுத் தேர்வு வகுப்புகளுக்கான பாடத்தை வாரியம்தான் தீர்மானிக்கும். பள்ளி நூலகத்தையும் துணை வாசிப்பையும் பள்ளியே தீர்மானிக்கலாம். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசாமல், என்ன புத்தகம் வாங்குகிறீர்கள் என்றும் கேளுங்கள். மொழிபெயர்ப்பில் வந்த தமிழ், மராத்தி நூல்களின் பெயர்களை எழுதிக் கொடுங்கள். மராத்தி மண்ணில் வாழ்கிறோம். அவர்கள் கதையும் நம் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட நூல்களில் இடம்பெற்ற தமிழ்ப் படைப்புகளின் மூலமும் மொழிபெயர்ப்பும் பக்கத்தில் பக்கமாக ஓர் அலமாரியில் இருக்கட்டும். பெரிய செலவில்லை.

அதே பன்னிரண்டாம் வகுப்பு நூலில் அல்போன்ஸ் தோதேயின் பிரெஞ்சுக் கதை ஒன்று உண்டு. 1870-71 போரில் தோற்ற ஊரில், இனிப் பள்ளியில் ஜெர்மன் மட்டும்தான் என்று உத்தரவு வருகிறது. அன்றுதான் தங்கள் மொழியைச் சரியாகப் படிக்காமல் போனோமே என்று ஊரார் வருந்துகிறார்கள். நமக்கு அப்படி உத்தரவு எதுவும் வரவில்லை. தமிழை விடச் சொன்னவர் யாருமில்லை. அப்படியிருந்தும் நம் பிள்ளை அந்தக் கதையை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் கல்கியையும் ஆங்கிலத்திலேயே படிக்கிறது. படிக்கட்டும், அதன் பிறகு தமிழிலும் படிக்க வைப்பது நம் பொறுப்பு.