தள்ளினால் தடம் புரள்வது ஏன்?

பொம்மை ரயிலை எஞ்சின் முன்னால் நின்று இழுக்கும்போது எல்லாப் பெட்டிகளும் சமர்த்தாகப் பின்னால் வரும். அதே எஞ்சின் பின்னால் நின்று தள்ளட்டும், வளைவு வந்ததும் ஏதோ ஒரு பெட்டி தடம் புரண்டு சாய்ந்துவிடும். தண்டவாளம் சரியில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் கப்ளிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்று காலித் தீப்பெட்டிகளை நூலால் வரிசையாகக் கட்டி மேசைமேல் இழுத்துப் பாருங்கள். வரிசை தானாக நேராகும். இப்போது பின்னாலிருந்து தள்ளுங்கள். வரிசை மடங்கி, பெட்டிகள் பக்கவாட்டில் விலகும். இழுவிசை எதையும் நேராக்கும், தள்ளுவிசை சின்னக் கோணலையும் பெரிதாக்கிவிடும். மாதிரி ரயிலில் நடப்பதும் இதுதான்.

மாதிரி ரயில்களில் பெரியவை, தோட்டத்து மண்ணில் தண்டவாளம் போட்டு ஓட்டுபவை. ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968-இல் ‘எல்ஜிபி’ என்ற பெயரில் இவற்றைக் கொண்டுவந்தது. தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். நிஜமான மீட்டர் கேஜ் ரயிலின் இடைவெளி 1000 மி.மீ. அதை 22.5-ஆல் வகுத்தால் 44.4 வரும். ஆகவே 22.5-இல் ஒரு பங்காகச் செய்த மீட்டர் கேஜ் ரயில் இதில் அழகாகப் பொருந்தும். நம் ஊட்டி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான். அதை மாதிரியாகச் செய்தாலும் இதே கணக்கு.

அமெரிக்காவின் பெரிய ரயில்களுக்கு இடைவெளி 1435 மி.மீ. அதற்குச் சரியான கணக்கு 32-இல் ஒரு பங்கு. ஆனால் பெட்டி பெரிதாகத் தெரியவேண்டும் என்று சில நிறுவனங்கள் 29-இல் ஒரு பங்காகச் செய்தன. தண்டவாளம் ஒன்று, பெட்டிகளோ பல அளவு! அதனால் ஒருவர் பெட்டியின் கப்ளிங் இன்னொருவர் பெட்டியோடு சேராது. உயரமும் வேறு, வடிவமும் வேறு. பழைய கப்ளிங்கைக் கழற்றிவிட்டு எல்லாப் பெட்டிக்கும் ஒரே வகையை மாட்டுவதற்கு இதுவே காரணம்.

எல்ஜிபி பெட்டிகளில் வரும் கொக்கியும் வளையமும் சக்கரங்கள் பூட்டிய சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். வளைவில் சட்டம் திரும்பும்போது கொக்கியும் கூடவே திரும்பும். அதனால்தான் 60 செ.மீ. ஆரமுள்ள குறுகிய வளைவிலும் அது ஓடுகிறது. தள்ளும்போதுதான் வம்பு. தள்ளுவிசை நேராகச் சட்டத்தின்மேல் விழுந்து அதைக் கோணலாகத் திருப்பப் பார்க்கும். சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின்மேல் ஏறிவிடும்.

கப்ளிங்கைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பெட்டியின் அடித்தளத்தில் திருகிவிட்டால் விசையின் பாதையே மாறுகிறது. அது பெட்டியின் உடல் வழியாக அடுத்த பெட்டிக்குப் போய்விடும். சக்கரங்களுக்கு எடையைத் தாங்குவதும் உருள்வதுமே வேலை. நீளமான ரயிலைப் பின்னோக்கித் தள்ள வேண்டுமானால் இந்த முறைதான் சிறந்தது.

இதற்கும் ஒரு விலை உண்டு. தாளில் ஒரு பெரிய வட்டம் வரையுங்கள். ஸ்கேலில் இரண்டு இடங்களில் புள்ளி வைத்து, அந்த இரண்டு புள்ளிகளும் வட்டக்கோட்டின்மேல் இருக்கும்படி ஸ்கேலை வையுங்கள். ஸ்கேலின் நடுப்பகுதி வட்டத்துக்கு உள்ளேயும், இரு முனைகளும் வெளியேயும் நிற்கும். பெட்டியும் வளைவில் இப்படித்தான் நிற்கிறது. முனையில் மாட்டிய கப்ளிங் வெளிப்பக்கம் தள்ளிப் போகும். பெட்டி நீளமாக நீளமாக, வளைவும் பெரிதாக வேண்டும்.

மாட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது உயரம். அமெரிக்க ரயிலில் தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து கப்ளிங்கின் நடுப்பகுதி அதிகபட்சம் 876 மி.மீ. உயரத்தில் இருக்கலாம். 29-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 30 மி.மீ. ஒரு பெட்டியில் இது இரண்டு மூன்று மி.மீ. இறங்கினால், மேடுபள்ளமான தோட்டத்தில் ஒன்றிலிருந்து ஒன்று நழுவிவிடும். தாழ்ந்திருந்தால் அடித்தளத்தைச் சற்றுச் செதுக்க வேண்டும். உயர்ந்திருந்தால் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்தால் போதும்.

திருகாணிக்குப் போடும் துளை ஆணியைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கட்டும். அப்போதுதான் ஆணியின் மரை பிளாஸ்டிக்கைக் கவ்விப் பிடிக்கும். துளையிடும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். மாட்டியபின் கப்ளிங்கை விரலால் ஒதுக்கிவிட்டால் அது தானே நடுவுக்குத் திரும்ப வேண்டும். சிக்கினால் எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிக்கொள்ளும். கிராஃபைட் தூள் போடலாம். பென்சில் எழுதுவதும் கிராஃபைட்டால்தானே? கரி அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்து ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால் அது எழுதவும் உதவுகிறது, உராய்வையும் குறைக்கிறது.

அமெரிக்காவின் கேடி நிறுவனம் செய்யும் கப்ளிங்கில் இன்னொரு அருமையான வேலைப்பாடு உண்டு. ஒவ்வொரு கப்ளிங்கின் அடியிலும் ஓர் இரும்புக் கம்பி தொங்கும். தண்டவாளங்களுக்கு நடுவே காந்தம் இருக்கும். ரயில் இழுபட்டுப் போகும்போது காந்தத்தைத் தாண்டினாலும் ஒன்றும் ஆகாது. அங்கே நிறுத்தி லேசாகப் பின்னால் தள்ளினால் பிடி தளரும். காந்தம் இரண்டு கம்பிகளையும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்க, கப்ளிங் திறந்துகொள்ளும். கை படவே வேண்டாம்.

கை படாமல் பிணைப்பது ஒருகாலத்தில் விளையாட்டு விஷயமாக இருக்கவில்லை. அமெரிக்காவில் தொழிலாளி இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று, வளையத்தில் ஆணியைச் செருகிப் பெட்டிகளை இணைத்த காலம் அது. விரல் போனவர்கள் பலர், உயிர் போனவர்களும் உண்டு. ஈலாய் ஜானி என்பவர் 1873-இல், மடக்கிய விரல்களைப் போல ஒன்றையொன்று தானே கவ்விக்கொள்ளும் கப்ளிங்குக்குக் காப்புரிமை பெற்றார். மோதினாலே பூட்டிக்கொள்ளும் கப்ளிங் கட்டாயம் என்று 1893-இல் அந்த நாடு சட்டமே போட்டது. கேடி கப்ளிங்கின் வடிவம் இதிலிருந்து வந்ததுதான்.

சென்னைப் பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் செய்யப்படும் எல்.எச்.பி. வகைப் பெட்டிகளிலும் இந்த வகைக் கப்ளிங்தான் இருக்கிறது. அடுத்த முறை ரயில் நிலையம் போனால், நடைமேடையில் பெரியவர்களோடு பத்திரமாக நின்று, இரண்டு பெட்டிகளின் நடுவே கூர்ந்து பாருங்கள். தண்டவாளத்தில் மட்டும் இறங்கிவிடாதீர்கள்.