பக்கத்துப் பள்ளியிலேயே படிக்கட்டும்!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வரும். ஒன்று, மலைப்பக்கமிருந்து வரும் சாரல். மற்றொன்று, பள்ளிக்கூடத் திறப்பு. புதுச் சட்டை, புதுப் பை என்று வீடே கலகலக்கும். ஆனால் சில வீடுகளில் மட்டும் அம்மாவின் நெஞ்சு பதைபதைத்துக் கொண்டிருக்கும். "இந்த வருஷமாச்சும் இவனைச் சேர்த்துக்குவாங்களா? சேர்த்துக்கிட்டாலும் உட்கார வச்சுச் சொல்லிக் கொடுப்பாங்களா?"

காது மந்தமான குழந்தை, ஐந்து வயதாகியும் பேச்சு திருந்தாத குழந்தை, கால் தள்ளாடும் குழந்தை, ஓரிடத்தில் உட்கார முடியாமல் துறுதுறுக்கும் குழந்தை, எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் எழுத்து மனதில் நிற்காத குழந்தை... இப்படி ஊருக்கு நாலு பேராவது இருக்கத்தான் செய்கிறார்கள். "பெரிய ஊர்ல இதுக்குன்னு ஸ்கூல் இருக்காமே, அங்க கொண்டுபோய் விட்டுரு" என்று யாராவது சொல்வார்கள். சில குழந்தைகளுக்கு அதுவும் தேவைதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையைப் பிரித்து எங்கோ விடுதியில் விடுமுன், நம் தெருவிலுள்ள பள்ளியில் என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டாமா, சகோதரிகளே?

சட்டம் நம் பக்கம்

ஊனமுற்ற பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியிலேயே மற்றவர்களுடன் சேர்த்துப் படிக்க வைக்கும் திட்டத்தை மத்திய அரசு 1974லேயே கொண்டு வந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பக்கத்துப் பள்ளியில் இலவசக் கல்வி உண்டு என்கிறது அது. பள்ளியில் சேர்க்கப் பரீட்சை வைத்துத் தேறினால்தான் இடம் என்று சொல்லவும் அதில் இடமில்லை.

2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1995ஆம் வருடத்துச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதுச் சட்டத்தில் 21 வகைகள். படிக்க, எழுத, கணக்குப் போடத் தடுமாறும் கற்றல் குறைபாடும், ஆட்டிசமும் இதில்தான் இடம் பெற்றன. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைகள் 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, சிறப்புப் பள்ளியிலோ, தாங்கள் விரும்பும் இடத்தில் இலவசமாகப் படிக்கலாம். விருப்பம் நம்முடையது என்பதை நினைவில் வையுங்கள். "இங்கே முடியாதும்மா" என்று யாராவது சொன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடக் கூடாது.

முதலில் காதும் கண்ணும்

குழந்தை படிக்கவில்லை என்றவுடன் பிரம்பைத் தேடுகிறோம். அதற்கு முன் காதையும் கண்ணையும் பார்க்க வேண்டும். சளி பிடித்துக் காதில் சீழ் வடியும் குழந்தைக்குப் பாடம் பாதிதான் விழும். கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை 'திமிர்' என்று நினைக்கிறோம், கேட்காமலே இருக்கலாம். புத்தகத்தை மூக்கருகே கொண்டு போகிறவன், தலையைச் சாய்த்துப் பார்க்கிறவன், கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறவன், இவர்களுக்கு ஒரு மூக்குக் கண்ணாடியே போதுமாக இருக்கலாம். காதில் எண்ணெய் காய்ச்சி விடுவது, குச்சி போட்டுக் குடைவது இரண்டும் வேண்டாம்.

பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழு 2013ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி வருகிறது. அவர்கள் வரும் நாளில் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். மேல் சிகிச்சைக்கு க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் பார்த்துத் தள்ளிப் போடாதீர்கள். காது கேட்காத குழந்தைக்கு ஒவ்வொரு மாதமும் போகிற பேச்சு பிறகு திரும்ப வருவது கடினம்.

'மக்கு' என்று சொல்லாதீர்கள்

நன்றாகக் கதை சொல்வான், கடைக்குப் போனால் மீதிச் சில்லறை சரியாக வாங்கி வருவான், ஆனால் புத்தகத்தைத் திறந்தால் திணறுவான். இந்தப் பிள்ளைக்கு மூளை இல்லாமல் இல்லை. எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் பார்க்கிற வேலை மட்டும் அவனுக்கு மெதுவாக நடக்கிறது. இதைத்தான் கற்றல் குறைபாடு என்கிறார்கள். சென்னையில் இதற்கென்றே மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1991ல் தொடங்கப்பட்டது. இது மருந்து மாத்திரையில் தீருவதல்ல. சொல்லிக் கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும்.

நம் தமிழிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. 'கெ' என்னும்போது வாய் முதலில் 'க்' என்கிறது, ஆனால் கை முதலில் கொம்பைப் போடுகிறது. 'கொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால்! ல-ள-ழ, ன-ண-ந, ர-ற வேறு. 247 எழுத்துக்களையும் ஒரேயடியாக மனப்பாடம் செய்யச் சொன்னால் தடுமாறும் பிள்ளை என்ன செய்யும்?

ஒரு வாரத்துக்கு இரண்டு எழுத்து போதும். தாம்பாளத்தில் மணலோ, அரிசியோ பரப்பி, சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொல்லுங்கள். கொம்பைச் சிவப்பு, எழுத்தை நீலம் என்று இரண்டு நிறத்தில் எழுதிக் காட்டுங்கள். கூட்டல் கழித்தலுக்குப் புளியங்கொட்டை, பல்லாங்குழி இருக்கின்றன. எங்கள் பக்கம் தோட்டத்தில் திராட்சைக் குலைகளை எண்ணச் சொல்லியே ஒரு பாட்டி பேத்திக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் போதும். அழ ஆரம்பித்தால் நிறுத்தி விடுங்கள். அழுகையோடு ஏறுகிற பாடம் நிற்காது. அரசுப் பள்ளிகளில் 2022ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் ஆட்டம், பாட்டு, படம் வழியாகவே சொல்லித் தருகிறது. வீட்டிலும் அதையே தொடர்ந்தால் பிள்ளைக்குக் குழப்பம் இராது.

டீச்சரிடம் என்ன கேட்பது?

ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு டீச்சரும் திண்டாடுகிறார். சண்டைக்குப் போவதாலும் பயனில்லை, தலைகுனிந்து நிற்பதாலும் பயனில்லை. பள்ளி விட்ட பிறகு பத்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு, குழந்தைக்கு எது முடியும், எது முடியாது, எதற்குப் பயப்படும், எதைக் கொடுத்தால் அடங்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல:

காது மந்தமான குழந்தைக்கு முன் வரிசை. டீச்சர் அதன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு அல்ல. துறுதுறுத்த பிள்ளைக்கு ஜன்னல், வாசல் பக்கம் வேண்டாம். நோட்டு அடுக்க, சாக்பீஸ் எடுத்து வர என்று நடுநடுவே ஒரு வேலை. கை நடுங்கும் குழந்தைக்குத் துணி சுற்றிய தடித்த பென்சிலும், பாதம் தரையில் பதியும் உயரத்தில் பலகையும். ஆட்டிசமுள்ள குழந்தைக்கு மணிச் சத்தம் இடி போல இருக்கும். முன்கூட்டியே சொல்லி விட்டால் பாதிப் பயம் போய்விடும். அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படமாக வரைந்து மேஜையில் ஒட்டி வைக்கலாம். கழிப்பறைக்குத் தனியாகப் போகத் தெரியாத பிள்ளைக்கு யார் துணை என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். பல குழந்தைகள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடிப்பதே இதனால்தான்.

உதவிக்கு ஆள் உண்டு

நம் தேனி மாவட்டத்தில் 8 ஒன்றியங்கள். ஒன்றியந்தோறும் கல்வித் துறையின் வட்டார வள மையம் இருக்கிறது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள் அங்கிருந்துதான் பள்ளிகளுக்கு வருகிறார்கள். கை கால் பயிற்சிக்கு இயன்முறை மருத்துவரும் உண்டு. படுத்த படுக்கையாக உள்ள குழந்தைக்கு வீட்டிற்கே வந்து பயிற்சி தருகிற ஏற்பாடும் இருக்கிறது. மருத்துவ முகாம் நடத்தி, காது கருவி, சக்கர நாற்காலி, காலிபர் போன்றவற்றுக்கும் அளவெடுக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் முகாம் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு சிறப்பாசிரியருக்குப் பல பள்ளிகள். அவர் தினமும் வர முடியாது. ஆகவே அவர் வரும் நாளில் தாயோ, பாட்டியோ கூட இருந்து, என்ன சொல்லித் தருகிறார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மீதி நாட்களில் அந்த வேலை நம் கையில்தான் இருக்கிறது.

தனித்துவ அடையாள அட்டைக்கு மருத்துவச் சான்று, ஆதார், புகைப்படம் வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்து மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவில் விவரம் சொல்வார்கள். "அட்டை வாங்கினா பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடுமே, நாளைக்கு யார் பொண்ணு குடுப்பா?" என்று தயங்குகிற வீடுகள் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள், மொழிப் பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குச் சான்று வேண்டும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதே சமயம், அட்டை வரட்டும் என்று எதையும் தள்ளிப் போடவும் வேண்டாம். முன் வரிசையில் உட்காரச் சான்றிதழ் எதற்கு?

வலிப்பு வந்தால்...

வலிப்பு உள்ள பிள்ளை என்றால் வகுப்புக்கே தெரிந்திருக்க வேண்டும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. வாயில் துணி, கரண்டி, தண்ணீர் எதையும் வைக்கக் கூடாது. கை காலை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. பக்கத்திலுள்ள பெஞ்சை நகர்த்தி, தலைக்கு அடியில் மெத்தென்று ஒரு பையை வைத்து, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ 108க்குச் சொல்ல வேண்டும். "ஆறு மாசமா வரலியே" என்று மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது.

பாட்டிமாருக்கு ஒரு வார்த்தை

எங்கள் பக்கம் பல தாய்மார்கள் விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். பிள்ளையைக் கிளப்புவதும் கூட்டிவருவதும் அம்மாச்சிதான், அப்பத்தாதான். எனவே பெரியவர்களே, மாத்திரை எப்போது, காது கருவியை எப்போது கழற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். குளிக்கும்போது கருவியைக் கழற்றி, ஈரம் படாத டப்பாவில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. "கிரகணத்துல வெளிய வந்திருப்பா", "அவ செஞ்ச பாவம்" என்று மருமகளைக் குத்திப் பேசாதீர்கள். பிரசவத்தில் மூச்சுத் திணறல், குறைமாதம், கடுமையான மஞ்சள் காமாலை, பரம்பரை என்று காரணங்கள் பல. பல சமயம் காரணமே தெரிவதில்லை. நெருங்கிய சொந்தத்துக்குள் கல்யாணம் செய்வதால் பிறவிச் செவிட்டுத்தன்மை போன்ற சில பரம்பரைக் குறைபாடுகள் வர வாய்ப்புக் கூடும். அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தது இரண்டு குடும்பமும்தானே? பழியை மட்டும் அவள் தலையில் சுமத்துவது என்ன நியாயம்?

மற்ற தாய்மார்களே...

"அந்தப் பையன் பக்கத்துல உட்காராதே, உனக்கும் ஒட்டிக்கும்" என்று நம் பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அந்த ஒரு வார்த்தை ஒரு குழந்தையின் பள்ளிப் படிப்பையே நிறுத்திவிடும். இவை தொற்றுகிற வியாதிகள் அல்ல. சக்கர நாற்காலியைத் தள்ளப் பழகிய பிள்ளைக்கு இரக்கத்தைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பிறந்தநாள் மிட்டாய் கொடுக்கும்போது அவனையும் சேர்த்துக் கூப்பிடச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களே இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போனால் சுற்றுச்சுவரைப் பற்றி மட்டும் பேசாமல், சாய்தளம் இருக்கிறதா, கைப்பிடியுள்ள கழிப்பறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்குத் தேவையில்லாவிட்டாலும் கேளுங்கள்.

நமக்குத் தெற்கே, தென்காசி பக்கத்து ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1975ல் கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பள்ளியும் பயிற்சியும் கிடைக்கச் செய்தார் என்றால், நாம் ஒரு பிள்ளைக்குச் செய்ய முடியாதா?

எல்லாப் பிள்ளையும் முதல் மார்க் வாங்கப் போவதில்லை. சில குழந்தைகள் தன் பெயரை எழுத ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும். சில குழந்தைகள் தானாகச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்வதே பெரிய பரீட்சை. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். போன மாதம் எப்படி இருந்தான், இந்த மாதம் எப்படி இருக்கிறான் என்று அவனோடு அவனையே ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மனம் சோர்ந்துபோகும் நாளில் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால், பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.