கடல் கடக்கும் கடை – 9: பத்து இலக்கப் பூட்டு

போன வாரம் சுங்கப் படிவத்தில் நிறுத்தியிருந்தோம். அதில் பலரும் அசட்டையாக நிரப்பும் கட்டம் ஒன்று உண்டு: பெறுபவரின் தொலைபேசி எண். வீடு பூட்டியிருந்தால், பார்சல் கொண்டுபோனவர் முதலில் தேடுவது அதைத்தான்.

நம் ஊரில் இணையக் கடை அமைத்துத் தருபவர்களில் பலர், செல்பேசிக் கட்டத்தில் சரியாகப் பத்து இலக்கம் இருந்தால்தான் ஆர்டர் நகரும் என்று பூட்டுப் போட்டுவிடுகிறார்கள். உள்நாட்டுக்குச் சரி. சிங்கப்பூர் எண்ணுக்கோ எட்டே இலக்கம். சேலை வாங்க வந்த சிங்கப்பூர்க்காரர் எட்டைப் போட்டால் திட்டு விழும். முன்னால் 65 சேர்த்தால் பத்தாகிவிடும், பூட்டும் திறந்துவிடும். விபரீதம் அதற்குப் பிறகுதான். நம் செல்பேசி எண்களும் 6, 7, 8, 9 என்று தொடங்குபவை என்பதால், கடையின் மென்பொருள் அதை இந்திய எண்ணாகவே எடுத்துக்கொண்டு முன்னால் 91 ஒட்டும். மணி அடித்தால் நம் நாட்டில் யாருக்கோ அடிக்கும்.

இதற்கு மருந்து பழையது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.164 என்ற விதிப்படி, கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, பிறகு எண். குறியீட்டையும் சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம். இவ்வளவுதான் பொது விதி. அதற்குள் நீளம் நாட்டுக்கு நாடு மாறும். மலேசியாவில் 011 வரிசைச் செல்பேசிகளுக்கு மற்றவற்றைவிட ஓர் இலக்கம் அதிகம்.

பெரிய தலைவலி தொடக்கப் பூஜ்யம். பிரிட்டனில் 07 என்று தொடங்கும் செல்பேசிக்கு வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது அந்தப் பூஜ்யம் கிடையாது. +447 என்றே போகும். அங்கே சிலர் உதவுவதாக நினைத்து +44 (0) என்று அடைப்புக்குள் எழுதிவைப்பார்கள். அப்படியே நகலெடுத்தால் பதினோராவது இலக்கமாகப் பூஜ்யமும் சேர்ந்துகொள்ளும். அப்படியானால் எல்லா நாட்டுக்கும் பூஜ்யத்தை வெட்டிவிடலாமா? கூடாது. இத்தாலியில் ரோம் நகரத் தரைவழி எண்ணை +39 06 என்று பூஜ்யத்தோடுதான் அழைக்க வேண்டும்.

+1 என்றதும் அமெரிக்கா என்று முடிவுகட்டுவதும் தவறு. கனடாவும் ஜமைக்காவும் டிரினிடாடும் அதே குறியீட்டில்தான் இருக்கின்றன. +7 ரஷ்யாவுக்கும் கசகஸ்தானுக்கும் பொது. ஆகவே நாட்டின் பெயரைத் தனிக் கட்டத்தில் கேட்டு வாங்குங்கள். கனடாவில் செல்பேசியும் தரைவழியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், குறுஞ்செய்தி வருமா என்பதையும் கேட்டுவிடலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: சென்னையில் மதியம் என்றால் டொரொன்டோவில் நடுநிசி தாண்டியிருக்கும்.

சரியாக வாங்கிய எண்ணையும் எக்செல் கெடுக்கும். கூட்டல் குறியையும் தொடக்கப் பூஜ்யத்தையும் விழுங்கிவிடும். 12 இலக்க எண்ணை 4.47E+11 என்று காட்டும். அந்த நிலையில் கோப்பை சிஎஸ்வி-யாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான். எண்களைப் பதியும் முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். தொலைபேசி எண்ணைக் கூட்டிக் கழிக்கப்போவது யார்?

கடையின் மென்பொருளை எழுதுபவரிடம், கூகுள் இலவசமாக வெளியிட்டிருக்கும் ‘லிப்போன்நம்பர்’ நிரல்தொகுப்பைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். நாட்டுக்கு நாடு மாறும் இந்த விதிகள் அதில் இருக்கின்றன. வாட்ஸ்அப் இணைப்பு தயாரிக்கும்போது மட்டும் கூட்டல் குறி வேண்டாம். நாட்டுக் குறியீட்டிலிருந்து இலக்கங்களை இடைவெளியின்றி எழுதினால் போதும்.

(அடுத்த வாரம்: திரும்பி வரும் பார்சல்கள்)