கட்டரில் ஊற்றும் எண்ணெய் நீர் எங்கே போகிறது?

இரும்பைச் சீவும்போது மில்லிங் இயந்திரத்தின் கட்டர் சூடேறும். வெட்டும் முனையில் நீரைப் பாய்ச்சினால் வேகத்தை 30 முதல் 40 விழுக்காடு கூட்டலாம் என்று 1880-களில் கண்டவர் அமெரிக்கப் பொறியாளர் டெய்லர். வெறும் நீர் துருவேற்றுமாதலால், இருபது பங்கு நீரில் ஒரு பங்கு கட்டிங் ஆயிலைக் கலந்து, பால்போல் வெளுத்த அந்தக் கலவையை ஊற்றுகிறோம். ஊற்றுவது எளிது, வடிப்பதுதான் பாடு.

மாகறலில் எங்கள் வீட்டுக் கொட்டகையிலுள்ள சிறு இயந்திரத்துக்கு வடிகாலே கிடையாது. மேசையின் பள்ளங்களில் தேங்கிய கலவை, மேசை நகர நகர இரு முனைகளிலும் வழிந்து தரையில் இறங்கும். பத்தடியில் குடிநீர்க் கிணறு! திருமாகறலீசுவரர் கோயிலில் அபிடேக நீர் முழுவதையும் ஒரே கோமுகி வெளியேற்றுகிறதல்லவா? அதுவே எங்களுக்கு மாதிரி. அடியில் ஒரு தகரத் தட்டு. மேசை எந்த ஓரத்துக்குப் போனாலும் அதன் முனை தட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவு அகலம். அடிக்குக் கால் அங்குலம் சரிவு. தாழ்ந்த மூலையில் ஓர் அங்குலக் குழாய். அதற்குச் சிறியதானால் சீவல் அடைத்துக்கொள்ளும். வாயில் சல்லடை.

தொட்டியில் குறுக்கே ஒரு தடுப்பு வைத்தால் தூள் படிந்து, தெளிந்தது மட்டும் பம்புக்குப் போகும். மேலே மிதக்கும் இயந்திர எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுக்காவிட்டால், காற்றுப் புகாமல் கிருமி பெருகி இரண்டொரு நாளில் நாறும். கெட்டுப்போனதைச் செய்யாற்றுப் பக்கம் கொண்டுபோவதில்லை. டின்னில் அடைத்துக் காஞ்சிபுரத்தில் கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் சேர்த்துவிடுகிறோம்.