வெள்ளை வண்ணத்தைத் தொடாமல் பனியை வரைதல்

புது தில்லி: பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபச் சுவர்களில் தேசத் தலைவர்களின் தைலவண்ண உருவப்படங்கள் தொங்குகின்றன. ஆங்கிலேய ஓவியர் ஆஸ்வால்டு பர்லி வரைந்த மகாத்மா காந்தியின் படம் 1947 ஆகஸ்ட் 28-ல் அங்கு திறந்துவைக்கப்பட்டது. அப்படங்களின் அடியில் தேநீர் அருந்தியபடி அரசியல் பேசிய நமக்கு, அவை எவ்வாறு வரையப்பட்டன என்ற கேள்வி எழுந்ததில்லை. கூட்டத்தொடர் இல்லாத ஒரு ஜனவரியில்தான் அது எழுந்தது.

தென் தில்லியில் மாலை வகுப்பு நடத்தும் ஓவிய ஆசிரியர், முதல் நாளே அச்சிட்ட படமொன்றைக் கையில் கொடுத்து, இதைப் பார்த்து வரையுங்கள் என்றார். பீட்டர் புரூகல் 1565-ல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்'. மூலம் வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. சுமார் 117 செ.மீ. உயரமும் 162 செ.மீ. அகலமும் கொண்ட மரப்பலகை. நமக்கு வாய்த்ததோ அதில் மூன்றிலொரு பங்கு அளவுள்ள கித்தான்.

வெள்ளை வண்ணக் குழாயை முதல் இரு வாரம் திறக்கவே கூடாது என்பது ஆசிரியரின் கட்டளை. பனிக்காட்சிக்கு வெள்ளை இல்லையா என்று வியந்தோம். கித்தான் முழுவதும் மெல்லிய பழுப்பு பூசி, மரங்களையும் சரிவையும் இருள், ஒளி என்ற இரண்டாக மட்டும் பிரித்த பின்னரே காரணம் விளங்கிற்று. புரூகலின் பனியில் தூய வெள்ளை அரிது. நீலமும் சாம்பலும் காவியும் கலந்திருக்கின்றன. வானத்தின் பச்சை கலந்த சாம்பல் நிறமே உறைந்த குளங்களிலும் திரும்ப வருகிறது. ஒரே கலவையை இரு இடங்களில் பூசியபோதுதான் அது கண்ணில் பட்டது.

வேறு சிலவும் அப்படியே தெரிந்தன. வேட்டைக்குச் சென்றவர் மூவர். கொண்டு திரும்புவது மெலிந்த நரி ஒன்று. நாய்கள் தலை தாழ்த்தி நடக்கின்றன. விடுதியின் பெயர்ப்பலகை ஒற்றைக் கொக்கியில் சாய்ந்து தொங்குகிறது. அக்காலத்தில் ஸ்பானிய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அந்நாட்டில், மறு ஆண்டே தேவாலயச் சிலைகளை மக்கள் உடைத்துக் கிளர்ந்தெழுந்தனர். படத்தில் அரசியல் ஏதுமில்லை. வெறுங்கையுடன் திரும்பும் குளிர்காலம் மட்டும் இருக்கிறது.

தைலவண்ணத்துக்கு ஒரு விதி உண்டு. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும்; மாறினால் நாளடைவில் வெடிப்பு விழும். தில்லிக் குளிரில் ஆளிவிதை எண்ணெய் உலர்வதற்குப் பல நாட்கள் ஆகின்றன. அவசரப்பட்டு ஈர வானத்தின்மீது கருங்கிளைகளைத் தீட்டியதில் எல்லாம் சேறாயிற்று. ஒரு மாலை முழுவதும் சுரண்டி எடுத்தோம்.

புரூகலிடம் கற்றவர்கள் பெரியவர்களிலும் உண்டு. அம்ரிதா ஷெர்கில் 1938-ல் அங்கேரியில் வரைந்த சந்தைக் காட்சியில் அவரது சாயலை விமர்சகர்கள் காண்பர். ஷெர்கில், ரவீந்திரநாத் தாகூர் இருவரும் 1941-ல் மறைந்தவர்கள். தாகூரின் எழுத்துகளைக் கருதியே பதிப்புரிமைக் காலத்தை 50 ஆண்டுகளிலிருந்து 60 ஆக நாடாளுமன்றம் 1992-ல் நீட்டித்தது. அதுவும் 2001-ல் முடிந்தது. ஆகவே, இன்று இவர்களை நகலெடுக்கத் தடையில்லை. நகலை மூலமென விற்பதே குற்றம்.

அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதைக் கொல்கத்தா காட்டியது. அங்கு 2011-ல் தாகூரின் படைப்புகளெனக் காட்சிக்கு வைக்கப்பட்ட ஓவியங்கள் போலியென விசாரணையில் கூறப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் இவ்விருவரின் படைப்புகளும் நாட்டை விட்டு வெளியேறாமல் காக்கிறது. நகலில் என்ன குறியிட வேண்டும் என்று அது சொல்லவில்லை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம், நகலின் அளவு மூலத்தினின்று மாறுபட வேண்டும், ஓவியரின் கையொப்பத்தைப் படியெடுக்கக் கூடாது என்கிறது. இவ்வளவு எளிய விதியை இங்கும் எழுதிவைப்பதற்குப் பெரிய விவாதம் தேவைப்படாது.

நம் ஆசிரியர் எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. மூலத்தின் கீழ்விளிம்பிலுள்ள கையொப்பத்தை விட்டுவிடச் செய்தார். கித்தானின் பின்புறம் 'புரூகலைப் பார்த்து வரைந்த நகல்' என்று எழுதித் தேதியிடச் சொன்னார். பள்ளத்தாக்கின் மேல் பறக்கும் அந்த ஒற்றைப் பறவை மட்டும் எஞ்சியிருந்தபோது, குடியரசுத் தலைவர் உரையுடன் நிதிநிலைக் கூட்டத்தொடர் தொடங்கிவிட்டது.