இலையுதிர்காலப் படநூல்களில் இலை: லோயிஸ் எலர்ட்டின் இரு நூல்கள்

இலையுதிர்காலத்தைப் பேசும் மழலையர் படநூல்கள் பலவற்றில் இலை வெறும் பின்னணி நிறமாக நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்த லோயிஸ் எலர்ட் (1934–2021) அதனையே கதைமாந்தராகவும் படத்தின் மூலப்பொருளாகவும் ஆக்கினார்.

'இலை மனிதன்' எனப் பொருள்படும் 'லீஃப் மேன்' 2005இல் வெளிவந்தது. உண்மையான இலைகளின் வண்ணநகல்களை ஒட்டி உருவாக்கப்பட்ட நூல் இது. உதிர்ந்த இலை சில நாள்களில் சுருண்டு பழுப்பேறிவிடும். நகலோ அந்த ஒருகண நிறத்தை நிறுத்திவைக்கிறது. கோழி, வாத்து அனைத்தும் இலைகளின் சேர்க்கையே. பக்கங்களின் மேல்விளிம்புகள் குன்றும் சரிவுமாக வெட்டப்பட்டிருப்பதால், தாளைப் புரட்டுந்தோறும் நிலக்காட்சி மாறுகிறது. படிக்கத் தெரியாத குழந்தையும் அவ்விளிம்பை விரலால் தடவிக் காற்றின் வழியைப் பின்தொடரலாம். இலை மனிதன் காற்றடிக்கும் திசையில் போய்விடுகிறான். அப்பிரிவை நூல் துயரமாக்குவதில்லை. உள்ளட்டைத் தாள்களில் இலைகள் மரப்பெயர்களுடன் தரப்பட்டுள்ளன. கதை முடிந்தபின் குழந்தை வெளியே சென்று ஒப்பிட்டுப் பார்க்க அவை துணைசெய்யும்.

1991இல் வந்த 'ரெட் லீஃப், எல்லோ லீஃப்' (சிவப்பிலை, மஞ்சளிலை) இதனின்று வேறுபட்டது. காட்டில் விழுந்த விதை நாற்றுப்பண்ணை வழியாக வீட்டுத் தோட்டத்து மேப்பிள் மரமாவதை ஒரு குழந்தையே கூறுகிறது. இறுதியிலுள்ள தாவரவியல் குறிப்புகள் சற்று வளர்ந்த சிறாருக்கே ஏற்றவை. முதல் நூலில் இலை விடைபெறுகிறது. இதிலோ, இலை உதிர்ந்த பின்னும் மரம் குழந்தையின் அருகிலேயே நிற்கிறது.