சிறு கட்டமும் நம் சம்மதமும்

தோட்டத்துப் பெரட்டில் கிராணியார் செக்ரோலில் குறியிட்டால்தான் அன்றைய கூலி கணக்கில் ஏறியது. இணையப் பக்கத்துப் பாரங்களிலும் குறியிடும் சிறு கட்டங்கள் உண்டு. தொட்டால் குறி விழும். மறுபடி தொட்டால் அழியும். அம்மாற்றத்தை அறிந்து, குறி இருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ற வேலையைச் செய்வது நிரல். அந்நிரலை எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995-இல் பிரெண்டன் ஐக் உருவாக்கினார்.

ஆனால், முன்கூட்டியே குறியிட்ட கட்டத்தை நாம் தொடாவிட்டால் மாற்றம் நிகழாது. மாற்றத்துக்குக் காத்திருக்கும் நிரலும் விழிக்காது. பாரத்தை அனுப்பியதும் அக்குறி நம் சம்மதமாகவே போய்ச் சேரும். நம் கணினியில் குறிப்புக் கோப்புகள் வைப்பதற்கு இத்தகைய குறி சம்மதமாகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது.

ஆகவே, பாரத்தை அனுப்புமுன் ஒவ்வொரு கட்டத்தையும் படித்துப் பார்ப்போம். வேண்டாத குறியை அழிப்போம்.